படத்தில் இல்லாத தந்தை

குடும்ப ஓவியமொன்றைப் பார்க்கும்போது அதில் யார் யார் இருக்கிறார்கள் என்றே முதலில் தேடுகிறோம். யார் இல்லை என்பதையும் தேட வேண்டும். ராஜா ரவி வர்மா (1848–1906) 1893இல் தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூறுவோம். வெண்ணிறக் கேரள உடை அணிந்த இளந்தாய் ஒருத்தி குழந்தையை ஏந்தி நிற்கிறாள். இருவரும் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அருகில் ஒரு நாய் இருக்கிறது. தாய் ஓவியரின் மகள் மகாப்பிரபா. குழந்தை அவரது பேரன். வருகின்ற தந்தை மட்டும் படத்தில் இல்லை.

இனி நாயை நோக்குவோம். ஐரோப்பிய ஓவியத்தில் நாய் இல்லற விசுவாசத்தின் குறியீடாகக் கொள்ளப்படுவதுண்டு. யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதியரின் காலடியிலும் ஒரு நாய் நிற்கிறது. ஆனால், அது வெறும் வளர்ப்புப் பிராணியே என்போரும் உளர். எனவே குறியீட்டுக்கு அகராதிப் பொருள் போல ஒரே பொருள் கூறிவிட முடியாது. படம் பிறந்த சமூகத்தையும் அறிய வேண்டும்.

அக்காலக் கேரளத்தில் நாயர் முதலான பல சமூகங்களிலும் அரச குடும்பங்களிலும் மருமக்கத்தாயம் நிலவியது. பிள்ளைகள் தாயின் தறவாட்டுக்கே உரியவர்கள். குடும்பத் தலைவர் தாய்மாமன். தந்தைக்கு அங்கே பெரிய இடமில்லை. இம்முறை அப்போது கடும் விவாதத்துக்குள்ளாகியிருந்தது. 1896இல் சென்னை மாகாணத்தில் மலபார் திருமணச் சட்டமும் வந்தது. இப்பின்னணியில், தாயும் பிள்ளையும் தந்தையை எதிர்நோக்கும் இப்படம், தந்தையை மையமாகக் கொண்ட புதிய குடும்பத்தின் குறியீடு என விமர்சகர் சிலர் கருதுகின்றனர். அவர் படத்தில் இல்லாவிட்டாலும் எல்லாப் பார்வையும் அவரை நோக்கியே செல்கிறது.

எனினும் வாழ்க்கை ஓவியத்தைப் பின்பற்றவில்லை. 1900இல் ரவி வர்மாவின் பேத்தியர் இருவரைத் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்தெடுத்தது. அரச வம்சம் பெண்வழியே தொடர்ந்தமையே காரணம். அவர்களுள் ஒருவரான மகாப்பிரபாவின் மகள் சேது லட்சுமி பாயி, 1924 முதல் 1931 வரை அந்நாட்டை ஆண்டார். தந்தைக்காகக் காத்திருப்பவளாக வரையப்பட்ட பெண்ணின் மகளே அரசியானாள்!

இந்த வாசிப்பு எமக்கும் நெருக்கமானது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே 'குடி' தாய்வழியே வருகிறது. திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கு வந்து வாழ்வதும் வழக்கம். அத்தகைய வீட்டு வாசலில் உம்மாவும் பிள்ளையும் வாப்பாவை எதிர்பார்த்து நிற்பதாக ஒருவர் வரைந்தால், அதன் பொருள் வேறாகும். அவர் வந்து சேர்வது உம்மாவின் வீட்டுக்கு. காட்சி ஒன்றுதான், வீடு யாருடையது என்பதே பொருளை மாற்றுகிறது.

ஆகவே, தோழியரே, குடும்ப ஓவியத்துக்கு விளக்கம் எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படத்தில் உண்மையில் இருப்பது என்ன? அக்காலக் குடும்பம் எப்படி இயங்கியது? என் விளக்கத்துக்கு எதிரான சான்று உண்டா? மூன்றாவது கேள்வியைத் தவிர்த்தால் நாம் எழுதுவது ஊகமாகவே நின்றுவிடும். பெண் எப்போதும் காத்திருப்பவளே என்று ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதிருக்கவும் அக்கேள்வியே உதவும்.