இல்லம் தேடிச் செல்லும் பிரசாதம்

'ததீயர்' என்னும் வடசொல்லுக்கு 'அவனைச் சேர்ந்தவர்' என்பது பொருள். எம்பெருமானைச் சேர்ந்த அடியார்களை உபசரித்து அமுது செய்விப்பதே ததீயாராதனம். பகவானுக்குச் செய்யும் ஆராதனத்தைக் காட்டிலும் அவனடியார்க்குச் செய்யும் ஆராதனம் உயர்ந்தது என்பது நம் பூர்வாசாரியர்களின் கொள்கை. குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனையை ஏற்றுத் திருமங்கையாழ்வார் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு ஓராண்டுக் காலம் அமுதளித்த சரிதத்தை யாவரும் அறிவர்.

உற்சவ காலத்துத் ததீயாராதனம் சந்நிதிக்கு வரக்கூடியவர்களுக்கே கிட்டுகிறது. முதுமையால் நடை தளர்ந்து, துணையின்றி, வாசற்படி தாண்ட இயலாமல் இருக்கும் அடியார்களின் நிலை யாது? இதற்கு விடை கூரத்தாழ்வான் சரிதத்திலே உள்ளது.

மழை நாளில் வந்த பிரசாதம்

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த ஆழ்வான், அனைத்தையும் துறந்து திருவரங்கம் சேர்ந்து, உஞ்சவிருத்தியால் ஜீவித்து வந்தார். ஒருநாள் அடைமழை. உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலவில்லை, இல்லத்தில் அடுப்பெரியவில்லை. இரவு பெரிய பெருமாள் அமுது செய்தருளும் மணியோசை கேட்டது. ஆழ்வானின் தேவியாரான ஆண்டாள், 'உம் அடியார் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கிறீரோ' என்று மனத்தினால் நினைத்தார். உடனே அரங்கன் உத்தமநம்பிக்கு நியமித்தருள, பிரசாதம் சகல மரியாதைகளோடும் ஆழ்வான் திருமாளிகைக்கு வந்து சேர்ந்தது. ஆழ்வான் திகைத்துத் தேவியாரை வினவி, உண்மையறிந்து, எம்பெருமானுக்குச் சிரமம் கொடுத்ததற்காக வருந்தினார். வந்ததில் சிறிதளவே ஏற்றுக்கொண்டார்.

இதனால் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, உண்மையில் தேவையுள்ளவர் வாய் திறந்து கேளார். கொடுப்பவரே அறிந்து செல்ல வேண்டும். இரண்டாவது, பிரசாதம் மரியாதையோடு சென்றதே அன்றிப் பிச்சையாகச் செல்லவில்லை. மூன்றாவது, கொடுப்பவரின் பெருமைக்கேற்ற அளவன்று, பெறுபவருக்கு வேண்டிய அளவே அளவு.

இரும்பையும் சுற்றூர்களும்

வானூர் வட்டத்தைச் சேர்ந்த இரும்பை, ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் எழுந்தருளியுள்ள பழம்பதி. இப்பக்கத்து ஊர்களிலும், பிழைப்பின் பொருட்டுப் பிள்ளைகள் புதுவைக்கும் சென்னைக்கும் சென்றுவிட, முதியோர் மட்டும் தங்கியுள்ள இல்லங்கள் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆழ்வான் இல்லத்து மழை நாள் பழங்கதையன்று என்பதற்கு இது சான்று.

அரசும் இத்தேவையை உணர்ந்துள்ளது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது. எனினும் அரிசி வந்தால் மாத்திரம் பண்டிகை வந்துவிடாது. மனிதர் வரவேண்டும்.

கைங்கர்யம் செய்யும் முறை

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் நேர்ந்துகொண்டாள். அதனைப் பிற்காலத்தில் நிறைவேற்றிய உடையவர் 'கோயிலண்ணன்' ஆனார். ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் செய்து முடிப்பதும் கைங்கர்யமே என்பது இதனால் விளங்கும். எத்தனையோ ஆண்டுகள் தம் கையால் அக்காரவடிசில் செய்து பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிய மூதாட்டி, இன்று அடுப்பருகே நிற்க இயலாதிருக்கிறாள். அவளுக்குத் தமையனாய் நிற்பதே தொண்டரின் பணி.

தொண்டர் செல்லுமுன், தனித்து வாழ்வோர் யாவர் என்பதைத் தபால்காரரிடமும் ரேஷன் கடையிலும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல் நலம். பச்சரிசி, பயற்றம்பருப்பு, வெல்லம், நெய், ஏலம், முந்திரி ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டலாம். தாமே சமைக்க இயலாதார்க்குத் தளிகையான பிரசாதத்தையே சுடச்சுடக் கொண்டு செல்ல வேண்டும். பல்லில்லாதார்க்குக் குழைந்த பொங்கல் உகந்தது. முறுக்கும் சீடையும் உதவா. நீரிழிவுள்ளவர்க்கு இனிப்பை மிகக் குறைத்துத் துளசியும் தீர்த்தமும் தந்தாலும் பிரசாதமே. இருவராகச் செல்க. வாசலில் நின்று கொடுத்துத் திரும்பாமல் உள்ளே அமர்ந்து, அவர் பேசுவதைக் கேட்டு வருக. படம் பிடித்துப் பிறருக்குக் காட்டுதல் மரியாதையாகாது. உத்தமநம்பி மரியாதை செய்யச் சென்றாரேயன்றி விளம்பரம் தேடிச் செல்லவில்லை.

பண்டிகை முடிந்த மறுவாரமும் ஒருமுறை சென்று பார்ப்பது அவசியம். மருந்து தீர்ந்திருக்கலாம், கூரை ஒழுகலாம், யாரும் வராமலே இருந்திருக்கலாம். தொல்லைக்குள்ளான முதியோர்க்கு 14567 என்ற உதவி எண் உண்டு என்பதையும் அவர்க்குச் சொல்லிவைக்கலாம்.

உற்சவத்திற்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள், பிரசாதத்தைப் பெற்றுத் தம் ஊர் திரும்பும்போது, தம் தெருவில் வர இயலாமற்போன ஒருவரை நினைத்து, அவர் இல்லத்தில் ஒரு பங்கைச் சேர்ப்பார்களாக. பெருமாள் வீதி எழுந்தருளுவதும், தம்மிடம் வர இயலாதவரைத் தாமே தேடிச் சென்று சேவை சாதிப்பதற்கன்றோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம: