தம்பி முகத்துல பரு

வீட்டுல பத்தாவது படிக்கிற தம்பி, தங்கச்சி இருக்காங்களா? பரு அழுக்கால வர்றதில்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கும். துளை அடைபட்டு உள்ளே பாக்டீரியா பெருகும். அதனால "மூஞ்சியை ஒழுங்கா கழுவு"ன்னு திட்டுறது வீண். தினம் 2 தடவை, தேய்க்காம கழுவினா போதும்.

2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை ராத்திரி மெல்லிசா தடவலாம். பலன் தெரிய 6-8 வாரம் ஆகும். பசங்க நாலாவது நாளே விட்டுடுவாங்க. அங்கதான் நீங்க வேணும். (தலையணை உறை வெளுத்துப்போகும், அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.) ஃப்ரெண்டு சொன்னான்னு ஸ்டீராய்டு க்ரீம் மட்டும் போட விடாதீங்க: முதல்ல சிவப்பு அடங்கும், நிறுத்தினதும் மோசமா திரும்பும்.

விசேஷ வீட்டுல சொந்தக்காரங்க "என்னடா மூஞ்சி இப்படி"ன்னு ஆரம்பிச்சா, பேச்சை மாத்துங்க. வலியோட கட்டி கட்டியா வந்தா தழும்பாகும்; காத்திருக்காம தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.