பல்லும் ஈறும்: கடைக்காரர்கள் கவனத்திற்கு

காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும் நமக்கு, பல் என்பது வலிக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் உறுப்பு. வலித்தாலும் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு, ‘தீபாவளி வியாபாரம் முடியட்டும்’ என்று தள்ளிப் போடுகிறோம். தொடக்கத்திலேயே போயிருந்தால் அடைத்துச் சரி செய்திருக்கக்கூடிய பல்லைக் கடைசியில் பிடுங்கிவிட்டு வருகிறோம். நம் தொழிலுக்கென்றே சில பழக்கங்கள் இருக்கின்றன. பல்லுக்குக் கேடு அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலாவது, டீ. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் எத்தனை டீ குடிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. கம்பெனி பிரதிநிதி வந்தால் ஒன்று, வசூலுக்கு ஆள் வந்தால் ஒன்று, லோடு இறங்கினால் ஒன்று. வியாபாரம் மந்தமாக இருந்தால் அதற்காகவும் ஒன்று! பல்லின் மேல் எப்போதும் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அதில் வாழும் கிருமிகள் சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களில் அதை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைப் பல்லில் மீண்டும் சேர்ப்பது உமிழ்நீரின் வேலை. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால் கரைவது மட்டும் நடக்கும்; சேர்வது நடக்காது. ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதோடு, எத்தனை தடவை என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். மேஜை மேல் இருக்கும் மிட்டாய் ஜாடியிலிருந்து நாமே எடுத்து வாயில் போட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேரும். இனிப்பைச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு, இடையில் குடிக்கும் டீயைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகுவது நல்லது. அது முடியாதவர்கள் எண்ணிக்கையையாவது குறைத்து, குடித்தபின் ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்கலாம்.

இரண்டாவது, இரவில் பல் துலக்காமை. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பல்லிடுக்கில் உணவு தங்கினால் கிருமிகளுக்குத் தடையே இல்லை. காலையில் துலக்குவதைவிட இரவில் துலக்குவது முக்கியம் என்பது நம்மில் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். சாப்பிட்டு, கணக்கு முடித்து, படுக்கப் போகுமுன் இரண்டு நிமிடம் போதும். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். பாத்திரம் விளக்குவதுபோல் குறுக்காகத் தேய்த்தால் பல் தேய்ந்து கூச்சம் வரும். கரியும் செங்கல் பொடியும் அப்படித்தான் தேய்க்கும். பற்பசையில் ஃபுளோரைடு இருப்பது நல்லது. நாம் விற்கும் அட்டையிலேயே அதன் அளவு அச்சிட்டிருக்கும். துலக்கியபின் துப்பினால் போதும், பலமுறை கொப்பளித்து அந்த ஃபுளோரைடைக் கழுவிவிட வேண்டாம். பிரஷ்ஷில் ‘சாஃப்ட்’ வகையே ஏற்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடையில் டஜன் கணக்கில் தொங்க விட்டுவிட்டு, வீட்டில் நார் பிரிந்ததை வைத்துத் தேய்ப்பவர்கள் நம்மில் உண்டு.

ஈற்றில் இரத்தம் வந்தால் பயந்து துலக்குவதை நிறுத்திவிடுகிறோம். அது தவறு. படலம் தேங்கி ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் இரத்தம் வருகிறது. ஒழுங்காகத் துலக்கினால் குறையும். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரிப்பது காரையைச் சுற்றியுள்ள அழற்சியே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்; அந்த நோய் ஈற்றைக் கெடுக்கும், கெட்ட ஈறு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது.

பாக்கு விஷயத்தில் நாம் விற்பவர்களும்கூட. புகையிலை கலந்த பற்பொடி, பற்பசை 1992 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. பாக்கை அடக்கிக்கொண்டே வியாபாரம் செய்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகி, வாய் திறப்பது சிறுகச் சிறுகக் குறையும். அப்படி இறுகிய இடம் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பாக்குப் போடும் அன்பர்கள் இன்றைக்கே மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நிறுத்திப் பாருங்கள். நுழையவில்லை என்றாலும், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் வாயில் இருந்தாலும், வார விடுமுறை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.