சாக்கு நிறையும் முன்பே: வீட்டு பிளாஸ்டிக் கேள்வி-பதில்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்களில் இம்முறை பாதிக்கு மேல் பிளாஸ்டிக்கைப் பற்றியவை. பலரும் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து மாதம் தவறாமல், வீட்டுக்கு வந்து சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவிடம் கொடுக்கிறோம். கட்டணமும் கட்டுகிறோம். இதற்கு மேலும் எதற்காகக் குறைக்க வேண்டும்?
– ஓர் இல்லத்தரசி, கரமனை

கழுவிக் கொடுப்பதே பெரிய காரியம். அந்தக் கவர்களைக் கையால் பிரிக்கிற, சேனாவின் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சேச்சிமாருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது. ஆனால் சாக்கு கைமாறியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், ஷாம்பு டப்பா, சுத்தமான பால் கவர் போன்றவை மறுசுழற்சிக்குப் போகும். மெல்லிய கவர்களில் ஒரு பகுதி பொடியாக்கப்பட்டுத் தார்ச்சாலையில் கலக்கப்படுகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டறிந்த முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சிக்கல் சிப்ஸ், பிஸ்கட், மசாலாப் பாக்கெட்டுகளில் இருக்கிறது. வெவ்வேறு பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். சிமென்ட் ஆலைச் சூளையில் எரிப்பதுதான் பெரும்பாலும் அவற்றுக்கு மிஞ்சும் வழி. மறுசுழற்சி ஆகிற பிளாஸ்டிக்கும்கூட ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்கும்.

இந்த நகரத்துக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2000-இல் விளப்பில்சாலையில் குப்பை பதப்படுத்தும் ஆலை தொடங்கியதிலிருந்து நகரத்தின் குப்பை அங்கே போய்க்கொண்டிருந்தது. நாற்றத்தையும் கெட்டுப்போன தண்ணீரையும் சகித்துச் சலித்த அந்த ஊர் மக்கள் போராடி, 2011 டிசம்பரில் ஆலையை மூடவைத்தார்கள். நம் வீட்டுக் குப்பையை இன்னொரு ஊர் சுமக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. அதனால்தான் குறைக்கச் சொல்கிறேன்.

அடுத்த முறை சேச்சிமார் வருவதற்கு முந்தின நாள், சாக்கைத் தரையில் கொட்டிப் பாருங்கள். பால் கவர் ஒரு குவியல், மளிகைப் பாக்கெட் ஒரு குவியல், நொறுக்குத்தீனிப் பாக்கெட் ஒரு குவியல், ஆன்லைன் பார்சலில் வந்தவை ஒரு குவியல் என்று பிரியுங்கள். எந்தக் குவியல் பெரிதோ, அங்கேயிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்பதை உங்கள் சாக்கைவிடச் சரியாக எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய நேரமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் முடிகிற வழி என்ன?
– ஒரு வாசகி, வலியசாலை

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, பை. பை இல்லாத வீடு கிடையாது. கடைக்குப் போகும்போது அது கையில் இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு, அலுவலகப் பையில் மடித்து ஒன்று என்று வைத்துவிடுங்கள். காய்கறியை இறக்கிவைத்த கையோடு பையைத் திரும்பவும் வண்டியில் போடுவதைப் பழக்கமாக்குங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குக் கேரளம் 2020 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. இருந்தும் கடைக்காரர் கவரை நீட்டுகிறார் என்றால், நாம் வெறுங்கையோடு போய் நிற்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, மளிகையும் மீனும். நீங்கள் இருப்பது சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில். பருப்பு, மல்லி, வற்றல் மிளகாய், வெல்லம் எல்லாம் அங்கே மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. பழைய வேட்டியைக் கிழித்து, நாடா கோத்த சின்னச் சுருக்குப் பைகள் ஏழெட்டு தைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கினால் நேரமும் மிச்சம். மீனுக்கு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோங்கள். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிய பிறகு மீனைப் போடச் சொல்லுங்கள். எலெக்ட்ரானிக் தராசில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. இரண்டு முறை சொன்னால், மூன்றாம் முறை மீன்காரச் சேச்சியே பாத்திரத்துக்குக் கை நீட்டுவார்.

மூன்றாவது, பால். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஆண்டுக்கு 730 கவர் சேர்கிறது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் பாத்திரத்தில் வாங்கலாம். இல்லையென்றால், வெட்டுவதில் கவனம் வையுங்கள். மூலையை முழுதாகக் கத்தரித்தால் விழுகிற சின்ன முக்கோணத் துண்டு எந்தச் சாக்குக்கும் போய்ச் சேராது. சிங்க் வழியாகவோ முற்றத்து வழியாகவோ ஓடைக்குத்தான் போகும். அந்தத் துண்டு கவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டுங்கள். பாலை ஊற்றியதும் கால் டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். அரை நிமிட வேலை.

பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் பேப்பர் கப், கவருக்குப் பதில் மக்கும் கவர், அழகான பருத்திப் பை என்று வாங்கிக் குவித்திருக்கிறேன். சரியான வழியில்தான் போகிறேனா?
– ஒரு வாசகர், பட்டம்

நோக்கம் நல்லது, ஆனால் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் அதில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. டீக்கு எவர்சில்வர் டம்ளரோ கண்ணாடி கிளாஸோதான் சரி. மக்கும் கவர்களில் பலவும் தொழிற்கூடச் சூட்டில்தான் முழுதாக மக்கும். வீட்டு உரத்தொட்டியிலும் கடலிலும் அப்படி நடப்பதில்லை. பருத்திப் பைக்கும் ஒரு விலை இருக்கிறது. பருத்தி விளைவிக்கச் செலவாகும் தண்ணீரும் உரமும் மின்சாரமும் குறைவல்ல. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே, புதுப் பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது ஐம்பது முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு கணக்கிட்டது. பழைய சேலையில் தைத்த பைக்கு அந்தக் கடன் இல்லை. அதையும் நூறு முறை பயன்படுத்துங்கள்.

வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒன்றிரண்டு கவர் போடுவது தவறா?
– ஒரு வாசகர், நேமம்

தவறுதான், ஒன்றுகூட வேண்டாம். குறைந்த சூட்டில் பிளாஸ்டிக் முழுதாக எரியாமல் நச்சுப் புகையாகும். கவர்களுக்கு நடுவே பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் உண்டாகும். அது உடம்பின் கொழுப்பில் தங்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்பு ஊதுகிறவர். அடுப்புக்குத் தென்னங்கீற்றும் சிரட்டையும் போதும். பிளாஸ்டிக்கை எரிப்பது அபராதத்துக்குரிய குற்றமும்கூட.

வீட்டில் கல்யாணம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைக்காவிட்டால் குறையாகப் பேசுவார்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
– மணமகளின் தந்தை, கோட்டை

பேசட்டும் ஐயா, நீங்கள் செய்துகாட்டுங்கள். 2015-இல் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தபோது, பல்லாயிரம் பேர் கூடிய இடங்களில், ஒருமுறை பயன்படுத்தி எறிபவற்றைத் தவிர்க்கும் பசுமை நெறிமுறையைப் பின்பற்றினார்கள். ஆற்றுகால் பொங்கலுக்கு லட்சக்கணக்கான பெண்கள் திரள்கிறார்கள். அங்கேயும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவரும்படி வேண்டுகோள் விடுக்கிறார்கள், பெண்களும் கொண்டுவருகிறார்கள். ஐந்நூறு பேர் பந்தி அதைவிடப் பெரிதா? வாழையிலை எப்படியும் போடுவீர்கள். சீரகத் தண்ணீரைக் கூஜாவில் எடுத்து எவர்சில்வர் டம்ளரில் பரிமாற இரண்டு பேரை நியமியுங்கள். சமையல் ஒப்பந்தம் பேசும்போதே டம்ளர் கழுவும் ஆள்கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் பாட்டிலுக்கு ஓடுவது பெரும்பாலும் இதைப் பேசாமல் விட்டதால்தான்.

மாதாமாதம் நாப்கின் குப்பை மனசை உறுத்துகிறது. ஹரித கர்ம சேனாவின் சாக்கிலும் போட முடியாது. மாற்று உண்டா?
– ஒரு வாசகி, கழக்கூட்டம்

உண்டு. கேரளம் இதில் நல்ல வழி காட்டியிருக்கிறது. 2019-இல் ஆலப்புழை நகராட்சிப் பகுதியில் ‘திங்கள்’ திட்டத்தின் மூலம் 5,000 பெண்களுக்கு மென்ஸ்ட்ருவல் கப் வழங்கப்பட்டது. அதில் பங்கெடுத்த எச்.எல்.எல். லைஃப்கேர் உங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம். 2022 ஜனவரியில் கும்பளங்கி, நாப்கின் இல்லாத முதல் ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. மருத்துவத் தர சிலிக்கானில் செய்த ஒரு கப் பல ஆண்டுகள் உழைக்கும். ஒவ்வொரு மாதமும் பயன்படுத்தும் முன் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தயக்கமோ உடல் தொந்தரவோ இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கப் ஒத்துவராவிட்டால் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட் இருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைப்பது மட்டும் கட்டாயம்.

கப்பல் கவிழ்ந்து மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் குருணை எங்கள் கரைக்கு வந்தது. அதன் முன்னால் என் வீட்டுக் கவர் எம்மாத்திரம்?
– ஒரு மீனவ இளைஞர், வெட்டுக்காடு

உங்கள் கோபம் நியாயமானது. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 25-ஆம் தேதி மூழ்கியது. அதிலிருந்து சிதறிய குருணை திருவனந்தபுரம் கரையெங்கும் ஒதுங்கியது. தன்னார்வலர்கள் சல்லடையால் மணலைச் சலித்துப் பொறுக்கினார்கள். அதற்கான பொறுப்பைக் கப்பல் நிறுவனம்தான் ஏற்க வேண்டும். பாக்கெட் போட்டு விற்கும் நிறுவனங்களும் தாங்கள் வெளியே விடுகிற பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது அரசின் கடமை. அரசைக் கேட்பது நம் கடமை. வீட்டுப் பெண்கள் பை எடுத்துப்போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தக் குருணை எதற்காகக் கப்பலேறியது என்பதையும் யோசியுங்கள். அதை உருக்கித்தான் கவரும் மூடியும் டப்பாவும் செய்கிறார்கள். நாம் வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தச் சரக்குக்குத் தேவையை உண்டாக்குகிறது.

கப்பலே வேண்டாம், நம் ஊர் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தேடிப் போனவர்களைத் தடுத்தது மலைபோல் அடைத்துக்கிடந்த பிளாஸ்டிக். இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்தக் குப்பை எந்தக் கப்பலிலிருந்தும் வரவில்லை. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் ரயில்களிலிருந்தும் வந்தது.

உங்கள் வீட்டுக் கவர் சின்னதுதான். ஆனால் அந்த ஓடைக்குள் இறங்க வேண்டியவர் ஒரு மனிதர். அவருக்காகவாவது, வேண்டாத கவரைக் கடையிலேயே மறுத்துவிடுங்கள். மறுப்பவர் தெருவுக்குப் பத்துப் பேர் ஆனால், கடைக்காரர் கவர் கட்டு வாங்குவதை நிறுத்துவார். உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஓடைக்கு வலை கேட்டு மனு எழுதும்போதும் அந்தப் பத்துப் பேரும் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.