கட்சிச் சின்னம் இல்லாத சீட்டில் யாருக்குக் குத்துவது? சித்தேரி மலை வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடந்தது. முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை 33 வயது ஸோரான் மம்தானி தோற்கடித்தார். யார் வேட்பாளர் என்பதைக் கட்சி வாக்காளர்களே முடிவு செய்தார்கள். நம்மூரில் விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் எல்லாம் உண்டு. பட்டியல் மட்டும் மேலிடத்திலிருந்து வரும். 2014 மக்களவைத் தேர்தலுக்குக் காங்கிரஸ் நாட்டின் சில தொகுதிகளில் உட்கட்சி வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தது. அது வேர்பிடிக்கவில்லை.

மேலிடம் பட்டியல் போடும் இந்த வழக்கத்துக்கு ஊராட்சி மன்றத் தலைவர் தேர்தல் மட்டும் ஓரளவு விலக்கு. அதில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் ஒரே கட்சியின் பழைய தலைவரும், அவரோடு கொடி பிடித்த இளைஞரும் எதிரெதிரே நிற்கலாம். மேலிடம் கண்ணடிக்கலாம், ஆனால் பட்டியல் போட முடியாது.

முதலில்: எது உங்கள் கையில், எது இல்லை

தலைவருக்கும் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் சுயேச்சைச் சின்னங்கள்தான். ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. அங்கே வேட்பாளரைக் கட்சி முடிவு செய்துவிடும். பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பு வந்ததும் பாருங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. பெண்ணை நிறுத்திவிட்டுக் கணவரே ஓட்டுக் கேட்டு வந்தால், “அவங்க பேசட்டும், கேட்கிறோம்” என்று சொல்லிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

அடுத்து: பழையவரை எடை போடுவது

செல்வாக்கானவர் என்று பெயரெடுத்தவர் பெரும்பாலும் ஊர்க்கவுண்டர் வீட்டுக்காரராகவோ, அரூரில் கட்சிக்காரர்களைத் தெரிந்தவராகவோ இருப்பார். இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். மலையிலிருந்து இறங்கி அலுவலகம் அலுவலகமாக ஏறுகிறவனுக்கு, உள்ளே ஒரு தெரிந்த முகம் இருப்பது பெரிய உதவி. அந்தப் பழக்கத்தால் ஊருக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி. கலசப்பாடி, அரசநத்தம் மக்கள் சாலைக்காக எத்தனை வருஷம் மனு கொடுத்தார்கள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது யார் என்று விசாரியுங்கள்.

நியாயமும் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தாலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு காரணமாக 2016 வரை தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா கொடுக்க முடியவில்லை. அதற்கு முன்பு பதவியில் இருந்தவரிடம் “பட்டா ஏன் வாங்கித் தரலை?” என்று மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை. அதற்குப் பிறகு இருந்தவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

பிறகு: புதியவரைச் சோதிப்பது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் கோபமாகப் பேசுகிறவரெல்லாம் முற்போக்காளர் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள். சட்டம் படித்தவரா, முழக்கம் மட்டும் தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

“கிராம சபையை எங்கே கூட்டுவீங்க?” சித்தேரி ஊராட்சி மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. தூரத்து வளவிலிருந்து ஒரு பெண் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு நடந்து வருவாரா? வன உரிமைக் கோரிக்கைகளுக்குக் குடியிருப்பு அளவிலேயே கிராம சபை கூட்ட வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-இலேயே வழிகாட்டியிருக்கிறது. வரவேண்டியவர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இந்த விவரம் தெரிந்தவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்.

“ரோடு போட வனத்துறை தடுத்தா என்ன செய்வீங்க?” “மறியல்” என்பது பாதிப் பதில். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், ரேஷன் கடை போன்றவற்றுக்கு வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். இந்தப் பரிந்துரையைத் தீர்மானமாக எழுதத் தெரிந்த தலைவர், மறியலில் உட்காரும் பத்துப் பேருக்குச் சமம் என்பது என் கணக்கு.

“போன வருஷக் கிராம சபையில நீங்க என்ன கேட்டீங்க?” ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கூட்டம் உண்டு. ஒன்றிலும் வாய் திறக்காதவர் தலைவரானதும் திறப்பார் என்று நம்புவது கடினம்.

கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் மட்டும் போதாது, விடாப்பிடியும் வேண்டும். அதற்கு அளவுகோல் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அத்தனை ஆண்டும் விடாமல் நின்றன. ஒரு மனு திரும்பி வந்ததும் ஓய்ந்துவிடுகிறவருக்கு இளமை மட்டும் போதாது.

ஏலம் பேசினால்

கோயிலுக்கு இவ்வளவு என்று சொல்லித் தலைவர் பதவியை ஏலம் விடுவது குற்றம். மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலிலும் எச்சரிக்கிறது. “ஊர் ஒற்றுமை” என்று பெரியவர்கள் சொன்னாலும், அங்கே ஓட்டுப் போட்டது பணம்தான். போட்டியே இல்லாமல் ஒருவர் வருவதைவிட, மாமன் மச்சான் இரண்டு பேர் மோதிக்கொள்வது மேல்.

ஓட்டுப் போடும் நாளில்

நான்கு சீட்டு தருவார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எல்லோர் கவனமும் இளஞ்சிவப்பில் இருக்கும். வெள்ளைச் சீட்டில் ஏதோ ஒன்றில் குத்திவிட்டு வந்துவிடுகிறோம். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்தோடு துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். புதியவரைத் தலைவராக்கிவிட்டுப் பழைய தலைவரின் ஆட்களை வார்டுகளுக்கு அனுப்பினால், முதல் காசோலையிலேயே வேலை நிற்கும். இளஞ்சிவப்புச் சீட்டுக்குக் கேட்ட மூன்று கேள்விகளையும் வெள்ளைச் சீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டுச் சாவடிக்குப் போங்கள்.