பண்ணைக் குட்டையில் மீன்குஞ்சு: எத்தனை விடலாம்?

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் குட்டையில் எத்தனை குஞ்சு விடலாம் என்று அப்பா என்னிடம்தான் கேட்டார். குஞ்சு வியாபாரியோ, "ஆயிரம் விடுங்க, பாதியாவது தேறும்" என்றார்.

கூட்டு மீன் வளர்ப்பில் ஹெக்டேருக்கு 10,000 வரை விடலாம் என்பார்கள். எங்கள் குட்டை 10 சென்ட், சுமார் 400 சதுர மீட்டர். ஆக 400 குஞ்சுதான்! மேல்மட்டத்தில் மேயும் கட்லா 160, நடுவில் ரோகு 120, அடியில் மிர்கால் 120. அப்பா அவ்வளவுக்குத்தான் பணம் கொடுத்தார். மீதிக் காசு தவிட்டுக்கும் கடலைப் புண்ணாக்குக்கும் ஆச்சு.

அதிகம் விட்டால் என்ன? பகலில் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து சுவாசிக்கும். 30 டிகிரி நீரில் காற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி.தான் கரையும். விடியற்காலையில் அதுவும் தீர்ந்துவரும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் பசி என்று தீனி போட்டுடாதீங்க, அது மூச்சுத்திணறல். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள்.

குஞ்சுப் பையை உடனே கவிழ்க்கக் கூடாது. கால் மணி நேரம் மிதக்க விட்டு, குட்டைத் தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே சேர்த்தால் குஞ்சுகள் தானே நீந்திப் போகும். அதற்கு முன்பே விரால் இருக்கிறதா என்று வலை போட்டுப் பாருங்கள். இருந்தால் நம்ம கணக்கெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான்!