உயர்ந்த ஜீப்பும் உயராத அச்சும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

முன்னுரை

நமது தருமபுரி மாவட்டத்தை வறண்ட மாவட்டம் என்று சொல்வோர் பலர். அது மலைகளின் மாவட்டமும் ஆகும் என்பதை நினைப்போர் சிலரே. மேற்கே பென்னாகரத்து மலைகள், கிழக்கே சித்தேரி மலை, நகரத்தை ஒட்டியே வத்தல்மலை. வத்தல்மலைக்கு இன்று தார்ச்சாலை உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் ஏறி இறங்குகின்றன. எல்லா மலைக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் மீதுதான் ஏறிச் சென்றன.

கழுதைக்கும் பேருந்துக்கும் இடைப்பட்ட பாதைகளில் ஓடும் வண்டி ஒன்று உண்டு. அதுதான் ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த இவ்வண்டியை 1947ஆம் ஆண்டு முதல் மகேந்திரா நிறுவனம் நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் அமைப்பும், ஸ்பிரிங் பட்டைகளின் மேல் அமர்ந்த குறுகிய உடலும் இதன் சிறப்புகள்.

அண்மைக்காலமாக இவ்வண்டிகளின் உடலை மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று உயர்த்திக் கட்டும் ஆசை பரவியிருக்கிறது. இதற்கு வேண்டிய பட்டை, ஷாக், போல்ட் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய 'லிஃப்ட் கிட்' விற்பனைக்கு வருகிறது. வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம் என்கிறார்கள். மாட்டலாம்தான். ஆனால் நாம் எதை உயர்த்துகிறோம், எது உயராமல் நிற்கிறது என்று அறிந்து மாட்ட வேண்டும். அதை நான் வகுப்பறையில் கற்பதற்கு முன்னரே ஒரு மலைச்சரிவில் கற்றேன்.

எங்கள் வீட்டு ஜீப்

என் மாமாவுக்கு மலையடிவாரத்தில் கொஞ்சம் காடு உண்டு. அவரிடம் ஒரு பழைய மகேந்திரா ஜீப் இருந்தது. சாமை மூட்டை, எரு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் அதில்தான் போகும். மேலேயுள்ள சிற்றூரில் யாருக்கேனும் உடம்புக்கு முடியாவிட்டால் அவர்களை இறக்கிக்கொண்டு வருவதும் அதுவே. தார் முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் ஒரு பாறைப்படி. அதில் ஏறும்போதெல்லாம் வண்டியின் அடிவயிறு 'டங்'கென்று இடிக்கும்.

2022ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள் மாமா சொன்னார்: "கல்லு வந்துதான இடிக்குது? வண்டியத் தூக்கிக் கட்டிட்டாப் போச்சு."

பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரும் நானும் சேர்ந்தோம். விளக்குப் பிடிப்பது என் வேலை. ஒவ்வொரு பட்டைக் கட்டிலும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்தோம். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நான்கு அங்குலம் நீட்டினோம். பழைய ஷாக் அப்சார்பர் எட்டவில்லை. வேறொரு வண்டியின் நீளமான ஷாக்கை வாங்கி மாட்டினோம். இரண்டே நாளில் வண்டி நான்கு அங்குலம் உயர்ந்து, கம்பீரமாக நின்றது. ஊரே வந்து பார்த்தது.

பாறைப்படியில் இடி நின்றது. பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள், மூச்சிரைப்பால் தவித்த ஓர் ஆயாவையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் ஆழமாகத் தொங்கியது. அடுத்த நொடி மாமாவின் கால் பிரேக்கோடு தரை வரை போய்விட்டது.

முதல் கியரில் இருந்தது எங்கள் நல்ல காலம். மாமா வண்டியை மலைப்பக்கத்து மண்சுவரில் சாய்த்து உரசி நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். ஆயா ஒன்றுமே பேசவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய் அறுந்து தொங்கியது. குற்றம் குழாயினுடையது அன்று, எங்களுடையது. பழைய குட்டையான ஷாக் இத்தனை நாளும் ஒரு கட்டுக்கயிறாக இருந்து, சக்கரம் ஓர் எல்லைக்கு மேல் தொங்காதபடி தடுத்து வந்திருக்கிறது. நீளமான ஷாக்கை மாட்டி அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். குழாயை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டோம். அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகத்தான் போகும். ஒரு குழாய் அறுந்தால் நான்கும் போயிற்று.

எது உயர்கிறது? எது உயரவில்லை?

இப்போது பாடத்துக்கு வருவோம். ஜீப்பில் இருவகைப் பகுதிகள் உண்டு. ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருப்பவை ஒரு வகை: சேஸிஸ், இஞ்சின், உடல், மனிதர். ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை மற்றொரு வகை: சக்கரம், அச்சு, அச்சின் நடுவே குடம்போல் உருண்டிருக்கும் டிஃபரன்ஷியல். பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் மேலிருப்பவை மட்டுமே உயரும். அச்சின் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் ஒன்றே. ஆகவே பாதையின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கல் டிஃபரன்ஷியலில் இடிக்கிறது என்றால் லிஃப்ட் கிட் அதற்கு மருந்தாகாது.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அடிவயிறு தட்டாமல் ஒரு மேட்டைத் தாண்டும் கோணம் கூடும். வில்லிஸ் வகை ஜீப்பின் இரு அச்சுகளுக்கு இடையே 80 அங்குலம். அடிவயிறு தரையிலிருந்து 10 அங்குலம் என்று கொள்வோம். 10ஐ 40ஆல் வகுத்து அதன் டேன்ஜென்ட் கோணத்தைக் கண்டு இரட்டித்தால் சுமார் 28 பாகை வரும். 14 அங்குலமானால் சுமார் 38½ பாகை. எங்கள் பாறைப்படியில் இடி நின்றதற்குக் காரணம் இதுவே.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? ஈர்ப்பு மையம் உயர்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 48 அங்குலம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 24 அங்குலம் என்று ஒரு கரும்பலகைக் கணக்குப் போடுவோம். பாதி அகலமும் உயரமும் சமம். வண்டி 45 பாகை பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழும். உடலை 4 அங்குலம் உயர்த்தினால், அச்சும் சக்கரமும் உயராத காரணத்தால், மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 3 அங்குலம் உயரும் எனலாம். அப்போது கவிழும் கோணம் 41½ பாகையாகக் குறைகிறது. மெய்யான வண்டியில் ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் இரண்டு எண்களுமே இன்னும் குறைவுதான். அதன்மேல் கூரையில் நான்கு மூட்டையையும் ஏற்றினால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

உயர்த்தும் வழிகள்

முதல் வழி, பட்டை சேர்த்தல். ஸ்பிரிங்கின் விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். தடிமனான ஒரு பட்டையைச் சேர்த்தால் வண்டி உயர்வதோடு கட்டைபோல் விறைத்தும் போகும். விறைத்த ஸ்பிரிங்கில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, அந்தரத்தில் நிற்கும். பிடிப்பு போய்விடும்.

இரண்டாம் வழி, ஷாக்கிளை நீட்டல். பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால், 2 அங்குலம் நீட்டினால் நடுவிலுள்ள அச்சுக்குக் கிடைப்பது 1 அங்குலமே. அச்சும் சற்றே சுழன்றுவிடும். முன்னச்சு சுழன்றால் 'காஸ்டர்' என்னும் சாய்வு குறையும். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் நேரே ஓடுகிறது? ஜீப்பிலும் அந்தச் சாய்வுதான் ஸ்டீயரிங்கைத் தானே நேருக்குக் கொண்டுவருகிறது. அது குறைந்தால் தொப்பூர் கணவாய்போன்ற வேகச் சாலையில் வண்டி அலையும்.

மூன்றாம் வழி, பட்டை அச்சின் மேல் அமரும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தல். இதைப் பின்னச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரேக் பிடிக்கும்போது அதிக விசை தாங்கும் முன்னச்சில் கட்டை வைக்கக் கூடாது. கட்டையின் மேல் கட்டை அடுக்குவதும் கூடாது.

நான்காம் வழி, வேண்டிய வளைவோடு செய்த புதுப் பட்டைக் கட்டையே மாட்டுதல். செலவு மிகுதி, தொல்லை குறைவு. பழைய பட்டையைக் கேஸ் விளக்கால் காய்ச்சி வளைப்பவரும் உண்டு. பதம் போன எஃகு சில நாளில் மீண்டும் தொய்ந்துவிடும், அல்லது முறிந்துவிடும்.

எந்த வழியானாலும் இஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் ஷாஃப்டின் சரிவு கூடும். அந்த ஷாஃப்டின் இரு முனையிலுமுள்ள கிராஸ் ஒரு வேடிக்கையான உறுப்பு. சாய்ந்த நிலையில் அது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடியும் குறைந்தும் சுழலும். 10 பாகைச் சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை விழுக்காடு; 20 பாகையில் ஆறு விழுக்காடு. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். சமமில்லையேல் வண்டி நடுங்கும், கிராஸ் தேயும்.

வீட்டில் செய்யும் முறை

முதலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்கார்டு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். யூ போல்ட்டுகளுக்கு முன்தினமே எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். கழற்றாத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் சேஸிஸின் கீழ் உறுதியான ஸ்டாண்டு நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை நீட்டுபவன் தன் உயிரை ஒரு சிறு ரப்பர் வளையத்திடம் ஒப்படைக்கிறான். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் அப்படியே; அது சொல்லாமல் நொறுங்கும்.

அச்சைத் தனி ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஷாக்கையும் யூ போல்ட்டையும் கழற்ற வேண்டும். பட்டைக் கட்டின் சென்டர் போல்ட்டை அவிழ்க்குமுன் இருபுறமும் கிளாம்பு போட வேண்டும்; இல்லாவிடில் பட்டைகள் துள்ளிப் பிரியும். பழைய யூ போல்ட் ஒருமுறை நீண்டு இறுகியது. அதை மறுபடி போடாமல் புதிதே போட வேண்டும். நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பட்டையின் முனைப் புஷ் போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் முழு எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்யாமல் விட்டது ஒன்றுண்டு. அச்சை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் திருப்பி, பிரேக் குழாய் தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடந்தான் ஓர் ஆயாவின் உயிரோடு விளையாடியது. ஹெட்லைட்டையும் கீழ்நோக்கித் திருத்த வேண்டும். இன்றேல் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கு ஒன்றில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. ஆகவே பெட்டியைப் பிரிக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே அறிவுடைமை.

முடிவுரை

அன்று மாலை வேறொரு வண்டியில் ஆயாவை மருத்துவமனையில் சேர்த்தோம். அவர் நலம் பெற்றுத் திரும்பினார். மறுவாரம் நாங்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. பழைய பட்டைகள் பல ஆண்டு மூட்டை சுமந்து இரண்டு அங்குலம் தொய்ந்து போயிருந்தன. எங்கள் ஜீப் குட்டையான ஜீப் அன்று, களைத்த ஜீப். பழைய அளவிலேயே புதுப் பட்டை வாங்கி மாட்டினோம். வண்டி தன் பிறவி உயரத்துக்கு வந்தது. ஷாக்கும் குழாயும் அதற்கு உரிய நீளத்தில் புதிதாயின.

மீதம் பாறைப்படி. அதற்கு மாமாவே வழி கண்டார். மேல் ஊரார் பத்துப்பேர், இரண்டு கடப்பாரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. படிக்கு இருபுறமும் கல் அடுக்கி மண் கொட்டிச் சரிவாக்கினோம். மதியம் களி தின்றுவிட்டு முதல் முறை இறங்கினோம். வண்டி எங்கும் இடிக்கவில்லை. ஆண்டுதோறும் மழை அந்த மண்ணைக் கொஞ்சம் அரிக்கிறது. ஆண்டுதோறும் நாங்கள் மறுபடி கொட்டுகிறோம்.

வண்டியை உயர்த்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் நான்கு அங்குலம் கூட்டினால் பிரேக்கில், ஷாஃப்டில், ஸ்டீயரிங்கில், ஈர்ப்பு மையத்தில் அதன் கணக்கு எழுதப்படும் என்றே சொல்கிறேன். நியூட்டன் விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் யாரேனும் ஜீப்பைத் தூக்கிக் கட்டினால் விளக்கு மட்டும் பிடிக்காதீர்கள். குழாயின் நீளத்தையும் கேளுங்கள்.